களைக்கு மருந்து அடிக்காதீங்க... சருகைப் போர்த்துங்க!

ஐப்பசி மழை ரெண்டு நாள் சேர்ந்தாற்போலப் பெய்தால் போதும். அடுத்த மூணாவது வாரம் வீட்டைச் சுற்றிக் கால் வைக்க முடியாது. ஆசையாக வைத்த ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் நடுவில், நீங்கள் வைக்காத செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும். களையெடுக்க ஆள் கூப்பிட்டால், "நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர் பொங்கலுக்குத்தான் கண்ணில் படுவார். இந்த நேரத்தில்தான் உரக்கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். "ஒரு மூடி ஊத்தித் தண்ணியில கலந்து அடிங்க சார். பத்து நாள்ல தரை பளிச்சுனு ஆயிரும்!"

தரை பளிச்சென்று ஆவது உண்மைதான். ஆனால் அந்த பாட்டில் வீட்டுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. அதற்குப் பதிலாக, தினமும் காலையில் கூட்டித் தள்ளி நெருப்பு வைக்கிறீர்களே, அந்தச் சருகே போதும்.

"சித்த வைத்தியருக்கு ஏன்யா இந்தத் தோட்டக்காரன் வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் களை என்று பிடுங்கி எறிவதில் பாதிக்கு மேல் எங்கள் மருந்துப் பெட்டியில் இருப்பவை. கீழாநெல்லி, மூக்கிரட்டை, குப்பைமேனி, நாயுருவி, துத்தி, தும்பை, அம்மான் பச்சரிசி, கரிசலாங்கண்ணி... இவற்றை வீடுகளில் பெரும்பாலும் யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. மழை பெய்தால் தானாக முளைக்கிறது. வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளித்தால், "பின்னாடி கீழாநெல்லி கெடக்கு, பறிச்சு அரைச்சுக் குடு" என்பார்கள் பெரியவர்கள். இங்கேதான் எனக்குப் பயம்.

பச்சையாக இருக்கிற விஷம்

ஒரு தடவை போடி பக்கத்திலிருந்து ஓர் அம்மா பையனுக்குக் காமாலை என்று அழைத்து வந்தார். கையோடு ஒரு கட்டுக் கீழாநெல்லி. "வீட்டு ஓரத்துலயே நெறைய இருந்துச்சு டாக்டர். ரெண்டு நாளா மோர்ல அரைச்சுக் குடுக்குறேன். நீங்க ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுங்க." கட்டைப் பிரித்துப் பார்த்தேன். நுனிக் கொழுந்துகள் மட்டும் வெளுத்து மஞ்சளாகியிருந்தன. தண்ணீர் இல்லாமல் வாடிய செடி இப்படி வெளுக்காது. "வீட்டைச் சுத்தி ஏதாவது மருந்து அடிச்சீங்களாம்மா?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "போன வாரம் அவுக புல்லுக்கு அடிச்சாக... அது புல்லுக்குத்தானே டாக்டர்?"

புல்லுக்கு என்று வாங்குகிற மருந்துக்குப் புல் எது, கீழாநெல்லி எது என்று தெரியாது. கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியைத்தான் நம் கடைகளில் அதிகம் விற்றிருக்கிறார்கள். இலையில் பட்டதும் உள்ளே இறங்கி, வேர் வரைக்கும் போய், செடிக்குத் தேவையான சில புரதச் சத்துகள் உருவாவதை நிறுத்திவிடும். செடி பட்டினியில் சாகிறது. ஆனால் உடனே சாகாது. முதல் சில நாட்கள் பார்க்க நல்ல பச்சையாகவே இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் மஞ்சளாகிக் காயும். அந்த இடைப்பட்ட நாட்களில் பறிக்கிற கீழாநெல்லியும் மூக்கிரட்டைக் கீரையும் கண்ணுக்குச் சுத்தமான மூலிகைதான்!

இதில் இன்னொரு வேதனை. காமாலை என்றால் ஏற்கெனவே கல்லீரல் நொந்து கிடக்கிறது. அதற்கு மருந்து என்று விஷம் பட்ட இலையைக் கொடுக்கலாமா? அந்த அம்மாவிடம் இலையைத் தூரப் போடச் சொல்லி, முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பையன் தேறிவிட்டான். சாதாரணமாகத் தண்ணீரால் வருகிற காமாலை. பத்தியமும் ஓய்வுமே அதற்குப் பாதி மருந்து.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ்-பி கிருமியைச் சுமக்கிறவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து ஆராய்ந்து, ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். முப்பது நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது என்றது அந்த ஆய்வு. உலகமே நம் கொல்லைப் பக்கச் செடியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சில ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். எந்தக் காமாலை என்று தெரியாமல் வீட்டிலேயே அரைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

கிளைபோசேட்டை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருட்களின் வரிசையில் 2015-ல் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. இதை மறுக்கிற விஞ்ஞானிகளும் உண்டு, விவாதம் ஓயவில்லை. ஆனால் 2022 அக்டோபரில் நம் மத்திய அரசே, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் இதைத் தெளிக்கக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளா. அங்கே பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியை 2011-லும், கிளைபோசேட்டை 2019-லும் தடை செய்தார்கள். பாராகுவாட் இதைவிடப் பல மடங்கு கொடியது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மலைக்கு யார் களையெடுக்கிறார்கள்?

போடியிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் சுமார் 25 கிலோமீட்டரில் போடிமெட்டு. கிட்டத்தட்ட 4,500 அடி உயரம். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும்போது மேலே ஸ்வெட்டர் தேடுவார்கள். அங்கேயிருந்து இரண்டு பக்கமும் ஏலத்தோட்டங்கள். (அந்தக் காயை விற்க ஏலம் விடுகிற ஊர் போடி. ஏலக்காய் ஏலம் என்று சொல்லும்போது எனக்கு இன்னமும் சிரிப்பு வரும்.)

அடுத்த முறை மூணாறு போகிறவர்கள் காரை ஓரங்கட்டி, ஏலத்தோட்டத்துக்குள் பத்தடி எட்டிப் பாருங்கள். பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடி தூர் தூராக நிற்கும். காலடியில் மண் தெரியாது. மரத்திலிருந்து விழுந்த இலையும், ஏலச்செடியின் காய்ந்த தட்டையும் மெத்தை மாதிரி கிடக்கும். ஏலச்செடிக்கு வேர் ஆழமாகப் போகாது, மேல்மண்ணிலேயே பரவும். மண்வெட்டியால் கொத்திக் களையெடுத்தால் களையோடு வேரும் போய்விடும். வெயில் பட்டாலோ மேல்மண் காய்ந்து செடி வதங்கிவிடும். அதனால் மழைக்காலம் முடிகிற கார்த்திகை, மார்கழி வாக்கில் நிழல் மரத்துச் சருகுகளை வாரி ஒவ்வொரு தூரைச் சுற்றியும் மூடிவிடுவார்கள். மழை இல்லாத நாலைந்து மாதத்தை அந்தப் போர்வைதான் கடத்துகிறது. மூடிய இடத்தில் களையும் தலைதூக்காது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோடை மழை விழுந்ததும், வைகாசி வாக்கில் தூரடியில் இருக்கும் அந்தச் சருகை விலக்கிவிடுவார்கள். ஏலத்தின் பூச்சரம் செடியின் உச்சியில் வராது. அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டி நீளும். சருகு மூடியிருந்தால் தேனீ எப்படி வரும்? தேனீ வராவிட்டால் காய் ஏது? எப்போது மூடுவது என்பதோடு எப்போது விலக்குவது என்பதும் தெரிந்தால்தான் இந்த வைத்தியம் பலிக்கும். இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் இதைக் கற்றுக்கொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம். விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி வேலைக்குப் போகிற அம்மாக்களைக் கேளுங்கள், பாடமாகவே எடுப்பார்கள்.

இதற்கு மூடாக்கு என்று பெயர். ‘இயற்கை வேளாண் விஞ்ஞானி’ என்று நாம் கொண்டாடுகிற கோ. நம்மாழ்வார் 2013-ல் மறையும் வரை ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் சொன்ன விஷயங்களில் இதுவும் ஒன்று. ஜப்பானில் ஃபுகுவோகா என்ற பெரியவர் வைக்கோலைப் பரப்பியே நெல் விளைவித்துக் காட்டினார். வயலுக்குச் சரி, நம் வீட்டு வாசலுக்கு? வாசலுக்கு இன்னும் சுலபம்.

எப்படி வேலை செய்கிறது?

பெரும்பாலான களைகளின் விதை கடுகைவிடச் சிறியது. அத்தனை சின்ன விதைக்குள் எவ்வளவு சாப்பாடு இருக்க முடியும்? முளைத்து இரண்டு மூன்று நாளுக்குள் வெளிச்சத்தைப் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். பல விதைகளுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கவே தோன்றும். நாம் மண்ணைக் கொத்தும்போது அடியில் தூங்கிக்கொண்டிருந்த விதைகளை மேலே கொண்டு வந்து எழுப்பிவிடுகிறோம். "போன மாசந்தான் கொத்தினேன், அதுக்குள்ள முன்னைவிட அதிகமா வந்திருக்கே!" என்று புலம்புவதற்குக் காரணம் அதுதான். மூன்று நாலு அங்குலம் சருகு போர்த்தினால் வெளிச்சம் போகாது. எழும்பியதும் பாதி வழியிலேயே சுருண்டுவிடும்.

போர்வைக்குக் கீழே மண் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. தினமும் தண்ணீர் விட்ட செடிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை விட்டால் போதும். அடிச்சருகு மக்கி உரமாகும், மண்புழு வரும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்வதால் வறண்டு கிடக்கிற போடி, தேனி, சின்னமனூர் பக்கத்து வீடுகளுக்குக் களையைவிட இந்தத் தண்ணீர் லாபம்தான் பெரிது என்பேன்.

இன்னொரு லாபம் உங்கள் நெஞ்சுக்கு. காலையில் தெருவுக்குத் தெரு சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம். அதில் பால் கவரும் மாத்திரை அட்டையும் கலந்திருக்கும். அந்தப் புகை முதலில் போவது உங்கள் வீட்டு ஜன்னலுக்குள். "எனக்கு மட்டும் ஏன் டாக்டர் காலையில இழுப்பு வருது?" என்று கேட்கிற பலரிடம், "வீட்டுல சருகைக் கொளுத்துறீங்களா?" என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம்.

எதைப் போடலாம்?

உங்கள் வீட்டைச் சுற்றி எது கிடைக்கிறதோ அது. மாவிலை, பலா இலை, வேப்பிலை, வாழைச் சருகு, நறுக்கிய தென்னை ஓலை, கரும்புச் சோகை, காப்பித் தொலி, எல்லாமே நல்லதுதான். மாவிலையும் பலா இலையும் தடிமன். அப்படியே போட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் தகடு மாதிரி ஆகி மழைநீரை உள்ளே விடாது. காலால் மிதித்து நொறுக்கிப் போடுங்கள். வெட்டிய புல்லைப் பச்சையாகக் குவித்தால் சூடேறி நாற்றமடிக்கும். இரண்டு நாள் காயவிட்டுப் போடலாம். வைக்கோலில் நெல் ஒட்டியிருந்தால் வாசலிலேயே நாற்றங்கால்தான்! தேங்காய் நார்த்தூளைக் கழுவி, மக்கவைத்த பிறகே போட வேண்டும். தைல மரத்து இலையைச் செடிக்குப் போடாதீர்கள். அது பிற செடிகளையும் வளரவிடாது. நடைபாதைக்கு மட்டும் அது பொருத்தம்.

தோட்டம் வைத்திருக்கிற சொந்தக்காரர் அன்பாக ஒரு வண்டி ஏலச் சருகு அனுப்பினால் என்ன செய்வது? ரோஜாவுக்குப் போடுங்கள். கீரைப் பாத்திக்கும் மூலிகைக்கும் வேண்டாம். ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பது ஊரறிந்த விஷயம். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து மிச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகக் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையையே நிறுத்தியது. அந்த உத்தரவைப் பிற்பாடு உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. இருந்தாலும், மருந்தடிக்காத தோட்டம் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, சாப்பிடுகிற செடிக்கு அது வேண்டாம்.

"இதுக்குப் பேசாம சிமென்ட் போட்டுரலாமே சார்?" என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மாசி, பங்குனியில் அவர்களே ஃபேன் காற்று அனல் அடிக்கிறது என்று வந்து சொல்வார்கள். கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டும் அப்படித்தான். மிளகாய்த் தோட்டத்துக்கு அது சரி. வீட்டு வாசலில் இரண்டு வருஷத்தில் வெயிலுக்குக் கிழிந்து, துண்டு துண்டாக மண்ணில் கலக்கும்.

போர்த்தும் முறை

மழை விட்ட மறுநாள் மண் நெகிழ்ந்திருக்கும். அன்றைக்கு இருக்கிற களையை வேரோடு பிடுங்குங்கள். குனிந்து பிடுங்கினால் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வருவீர்கள். சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்கெட்டுகிற இடத்தை முடித்துவிட்டு நகருங்கள். மூட்டுவலிக்காரர்கள் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

பிறகு மண்ணை நன்றாக நனையுங்கள். அதன்மேல் பழைய செய்தித்தாளை ஐந்தாறு தாள் கனத்துக்கு, ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்துத் தண்ணீர் தெளியுங்கள். டி.வி., மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி இருந்தால் இன்னும் விசேஷம். பிளாஸ்டிக் டேப்பை மட்டும் உரித்துவிடுங்கள். அதற்குமேல் சருகை நாலு விரற்கடைக்குக் குறையாமல் பரப்புங்கள். காய்ந்த சருகு ஒரு மாதத்தில் பாதியாக அமுங்கிவிடும், அப்போது மேலே இன்னொரு கூடை.

செடியின் தண்டைச் சுற்றி மட்டும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஆசையில் தண்டோடு சேர்த்துக் குவித்தால் ஈரத்தில் தண்டு அழுகிவிடும். வீட்டுச் சுவரிலிருந்தும் ஓர் அடி தள்ளியே போடுங்கள். கறையானுக்கு நாமே பாய் விரித்துக் கொடுத்தது போல் ஆகிவிடக் கூடாது அல்லவா!

கோரையும் அருகும் இதற்கு மசியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோரை பிளாஸ்டிக்கையே ஊசி மாதிரி குத்திக்கொண்டு வரும். செய்தித்தாள் எம்மாத்திரம்? மண்ணைத் தோண்டிக் கிழங்கைப் பொறுக்கினால்தான் தீரும். பொறுக்கிய கிழங்கை எறிய வேண்டாம், கோரைக்கிழங்கு எங்கள் காய்ச்சல் கஷாயத்தில் சேர்கிற சரக்கு. பக்கத்து வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள்.

பார்த்தீனியம் வேறு கதை. கேரட் இலை மாதிரி இலையும் பொடிப்பொடி வெள்ளைப் பூவுமாக இருக்கும். தோலில் அரிப்பு, கண் எரிச்சல், தும்மல், இழுப்பு எல்லாம் இதன் கைங்கர்யம். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூக்கும் முன்னால், கையுறை போட்டுக்கொண்டு, மூக்கில் துணி கட்டிப் பிடுங்குங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். பூத்ததை மூடாக்கில் சேர்த்தால் அடுத்த வருஷத்துக்கு நீங்களே விதைத்தது போல.

சருகுக்குள் வேறு யார்?

மூடாக்கின் நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் பாதி வைத்தியன்.

கண்ணாடி விரியன் காய்ந்த சருகில் படுத்திருந்தால் நமக்குக் கண்ணே தெரியாது. நிறம் அப்படி. சுருட்டை விரியனும் தேளும் இதைத்தான் தேடும். அதனால் வாசற்படி, குழந்தைகள் ஓடுகிற இடம், துணி துவைக்கிற கல், கழிப்பறைக்குப் போகிற வழி, இங்கெல்லாம் சருகு கூடவே கூடாது. செடிகளுக்கு இடையில் மட்டும், அதுவும் நாலு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கையை விட்டுக் கிளறாதீர்கள். கம்பால் தட்டிவிட்டுத் தொடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறிவிடுவதும் பச்சிலை தேடுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு. இதை ஒரு சித்த மருத்துவன் சொல்கிறேன் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

புதர், புல், ஈரச் சருகு இவற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்தால் ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்ற காய்ச்சல் வரும். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் நம் மாநிலத்தில் அதிகம் பார்க்கிறோம். தோட்ட வேலை செய்த ஒன்றிரண்டு வாரத்தில் விடாத காய்ச்சல், தலைவலி. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. இப்படியிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் சரியாகும். நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுவது பாதி பாதுகாப்பு.

அழகுக்காகத் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பரப்புகிற பழக்கம் வந்திருக்கிறது. நிமிர்ந்த ஒரு சிரட்டையில் நிற்கும் தண்ணீர் போதும் டெங்குக் கொசுவுக்கு. உடைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் போடவே போடாதீர்கள்.

பழைய சருகைக் கிளறும்போது பூஞ்சைத் தூசி பறக்கும். இழுப்பு உள்ளவர்கள் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடவும். தீபாவளிக்கு முன்னால் சருகு நன்றாக நனைந்திருக்கட்டும். காய்ந்த புல்லிலும் சருகிலும் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பது 2018 மார்ச்சில் குரங்கணி மலையைப் பார்த்த எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போடிமெட்டு மாதிரிக் குளிர்ந்த, மழை அதிகமான இடங்களில் வீடு இருப்பவர்களுக்கு ஈரச் சருகில் அட்டையும் நத்தையும் சேரும். அங்கே ஆனி, ஆடியில் மெல்லிசாகப் போட்டு, பனிக்காலத்தில் கனமாக்கிக்கொள்வது நல்லது.

நாலடிக்கு நாலடி

எல்லாவற்றையும் மூடிவிட்டால் கீழாநெல்லிக்கு எங்கே போவது? அதுவும் சின்ன விதைதான். போர்வைக்குக் கீழே அதுவும் வராது. எனவே வெயில் கொஞ்சம் படுகிற, சாக்கடைத் தண்ணீரும் நாயும் எட்டாத ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி இடம் விடுங்கள். நாலு செங்கல்லை வைத்து எல்லை கட்டுங்கள். அங்கே சருகு வேண்டாம், கொத்த வேண்டாம், வருவது வரட்டும். பார்த்தீனியத்தையும் கோரையையும் மட்டும் அகற்றுங்கள்.

முதல் மழைக்கே பாதிப் பேர் வந்துவிடுவார்கள். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் குட்டி நெல்லிக்காய் தொங்கினால் கீழாநெல்லி. தரையோடு தரையாகப் படர்ந்து, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பொடிப்பூ பூத்தால் மூக்கிரட்டை. பருப்போடு கூட்டு வைக்கலாம். குப்பைமேனியை மஞ்சளோடு அரைத்துச் சொறி சிரங்குக்கு மேல்பூச்சாகப் போடலாம். ஆனால் உள்ளுக்குக் கொடுப்பதை மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். ‘ஜி6பிடி’ குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தச் சாறு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இலையைக் கிள்ளினால் பால் வந்தால் அம்மான் பச்சரிசி. அந்தப் பால் கண்ணில் படக்கூடாது. அடையாளம் சந்தேகமாக இருந்தால் செடியோடு வாருங்கள். எந்த அரசு சித்த மருத்துவமனையிலும் காட்டிக் கேட்கலாம், காசு கிடையாது.

பாட்டில் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா?

பரணிலோ, மோட்டார் ரூமிலோ பாதி காலியான களைக்கொல்லி பாட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். லேபிளில் ‘பாராகுவாட்’ என்று போட்டிருக்கிறதா? அது ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இதற்கென்று முறிவு மருந்து எந்த வைத்தியத்திலும் கிடையாது. எங்களிடமும் இல்லை, ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. குடித்தவர் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார். வாய்ப்புண்தான், வேறொன்றுமில்லை என்று வீட்டார் நினைப்பார்கள். பிறகு சிறுநீரகம் நின்று, நுரையீரல் தழும்பேறி மூச்சு அடங்கும். இலங்கையில் 2008-ல் தொடங்கிப் படிப்படியாக இதை விலக்கியதற்கு இந்தச் சாவுகள்தான் காரணம்.

வேண்டுமென்றே குடிப்பவர்கள் மட்டும் இதில் சாவதில்லை. மிச்ச மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் ஊற்றி வைக்கிறோமே, அதை எடுத்துக் குடித்த குழந்தைகளும் தாத்தாக்களும் உண்டு. மருந்து அதன் சொந்த பாட்டிலிலேயே, லேபிளோடு, பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். வாங்கிய கடையிலோ, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். காலி பாட்டிலைத் துளை போட்டு உபயோகமில்லாமல் செய்யுங்கள்.

தப்பித்தவறி யாராவது குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, புளிக்கரைசல், மோர், பச்சிலைச்சாறு எதுவும் வேண்டாம். கையில் அந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிட்டுப் புறப்படுங்கள். போடிக்காரர்களுக்கு அரசு மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது, அங்கேயிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். உடம்பில், துணியில் சிந்தியிருந்தால் போகிற வழியிலேயே துணியைக் கழற்றி சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். "கொஞ்சந்தான் குடிச்சேன், ஒண்ணும் பண்ணலை" என்று அவர் சொன்னாலும் திரும்பி வந்துவிடாதீர்கள்.